பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? டெல்டாக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாடுதுறைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஒரு கோடையில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை இரண்டு கோடையைத் தின்றது. நான் இன்ஜினியர் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்கு அப்புறம் கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம வீட்டையும் சரி பண்ணணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது.

எவ்வளவு ஆகும்? ஒரு தோராயமாகச் சொல்லுங்களேன்.

புது வீடு என்றால் சதுரடிக்கு இவ்வளவு என்று பெருக்கிச் சொல்லிவிடலாம். பழைய வீட்டுக்கு அது நடக்காது. உங்கள் வீட்டில் எத்தனை கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) உளுத்திருக்கிறது என்று ஓட்டை இறக்காமல் யாருக்கும் தெரியாது. வாசலில் நின்றபடி சுற்றிப் பார்த்துவிட்டு "அஞ்சு லட்சத்துல முடிச்சுரலாம் சார்" என்று சொல்லும் மேஸ்திரி, பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு, பிரித்துப் பார்ப்பதற்கு. ஒரு கொத்தனார், ஒரு ஆசாரி, ஒரு சித்தாள், ஒரே ஒரு நாள். அடுப்படிக்கு மேலேயும், சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் கூரை ஓரமான இரவாணத்திலும் நாலைந்து வரிசை ஓட்டை இறக்கச் சொல்லுங்கள். கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது மரம் இல்லை, கரையான் விட்டுவைத்த தோல். நாலு சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே செங்கல்லை இணைத்திருப்பது மண்ணா, சுண்ணாம்பா, சிமென்ட்டா என்று தெரிய வேண்டும். ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். வீட்டு மூலையில் இரண்டடி தோண்டி கடைக்கால் (அஸ்திவாரம்) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இத்தனைக்கும் அப்புறம் கிடைக்கிற எஸ்டிமேட்தான் எஸ்டிமேட்.

அதையும் மொத்தமாக ஒரு தொகையாக வாங்காதீர்கள். கூரை எத்தனை சதுரம், பூச்சு எத்தனை சதுரடி, எத்தனை மின்சாரப் பாயின்ட் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். தெரியாதவர்களுக்கு: ஒரு சதுரம் என்றால் 100 சதுரடி, மணல், ஜல்லிக்கு ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. பழைய எஸ்டிமேட் கையில் இருந்தால் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

கையில் இருக்கிற பணத்தை எப்படிப் பிரிப்பது?

எட்டு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சத்துக்குத் திட்டம் போடுங்கள். மீதி இரண்டு லட்சம் இருப்பதை மேஸ்திரியிடம் மட்டும் இல்லை, வீட்டிலும் சொல்லாதீர்கள். சொன்னால் அது மாடுலர் கிச்சனாக மாறிவிடும்.

அந்த ஆறில் நான் போடுகிற பங்கு இது: கூரைக்கு 2 லட்சம். ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை நிறுத்தவும் பூச்சுக்கும் 1.25 லட்சம். ஒயரிங், பிளம்பிங் 1.25 லட்சம். குளியலறை, அடுப்படி 1 லட்சம். பெயின்ட்டுக்குக் கடைசியில் 50,000. இது விலைப்பட்டியல் இல்லை, எது பெரிது எது சிறிது என்று காட்டத்தான். நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரமே கும்பகோணம் போய் டைல்ஸ் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பளபளவென்று தரை போட்டு, ஐப்பசியில் அதன் மேல் அண்டாவும் வாளியும் வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

டெல்டாவில் வீட்டுக்கு எதிரி தண்ணீர்தான். மேலே இருந்து வரும், கீழே இருந்து ஏறும், தெருவில் இருந்து உள்ளே வரும். இந்த மூன்று வழியையும் அடைத்த பிறகு மிச்சம் இருக்கும் பணம்தான் அழகுக்கு.

சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசினால் நிற்குமா?

நிற்காது. நான் பூசியவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்துச் சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. அடியில் உப்பரித்து உதிர்ந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர், "பழசைக் கொத்திட்டு நல்லா ரிச்சா சிமென்ட் பூச்சு போட்டுரலாம், மேலே நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிட்டா ஜென்மத்துக்கும் வராது" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. அடுத்த மழைக்காலத்திலேயே டைல்ஸுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில், உப்புப் பூத்தது. முன்னே முழங்காலில் இருந்த நோய் இப்போது நெஞ்சு உயரத்தில்.

காரணம் எளிது. நம் ஊரில் தரைக்குக் கீழே ஆழமில்லாமலே தண்ணீர் நிற்கிறது. அந்த ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பு கொஞ்சம் உதிரும், வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடித்தால் போதும். சிமென்ட்டும் டைல்ஸும் அந்த மூச்சை அடைத்துவிடுகின்றன. வெளியே வர வழியில்லாத ஈரம் இன்னும் மேலே போய் வழி தேடுகிறது. உதிர்வதைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், ஆனால் அந்தச் சுவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விதமே அதுதான்.

அப்புறம் என்ன செய்தேன் என்றால், முதலில் சுவரை விட்டுவிட்டு வெளியே போனேன். வருஷக்கணக்கில் வாசலிலும் கொல்லையிலும் மண் கொட்டிக் கொட்டி, வெளித்தரை உள்தரையை விட உயர்ந்திருந்தது. சுவரை ஒட்டி அதை வெட்டி எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். இரவாணத்துக்குத் தகர வாய்க்கால் வைத்தோம். உள்ளே சிமென்ட்டையும் டைல்ஸையும் கொத்தி எடுத்து, உப்பு தெரிந்த மட்டத்துக்கு மேலே ஓரடி வரை வெறும் செங்கல்லாக விட்டு, பங்குனியில் இருந்து ஆனி வரை காயவிட்டோம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த தூரிகையால் தள்ளிக் கூட்டி அள்ளினோம். அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம். கோயில் திருப்பணிக்குப் போகிறவர்களை விசாரியுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் கலவை சேர்ப்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த விஷயம். கூலி கூடத்தான். ஆனால் ஒரே சுவருக்கு இரண்டு தடவை செலவு செய்தவன் சொல்கிறேன், அது கூடுதல் இல்லை.

ஓட்டை எடுத்துவிட்டு அதே சுவரில் கான்கிரீட் தளம் போட்டுவிடலாமா?

இதை ஒரு சிவில் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் செய்யாதீர்கள். கணக்கை மட்டும் பாருங்கள். 5 அங்குல கனத்தில் ஒரு சதுரம் கான்கிரீட் தளம் கிட்டத்தட்ட 3 டன் எடை. அதே ஒரு சதுரம் சீமை ஓட்டு (மங்களூர் ஓட்டு) கூரை, மரத்தோடு சேர்த்தாலும் அதில் நாலில் ஒரு பங்கு வராது. ஓட்டைச் சுமக்கக் கட்டிய சுவர் அது. அதுவும் மண் கலவையில் கட்டியது என்றால் கேட்கவே வேண்டாம். தளம் வேண்டும் என்றால் தனியாகக் கடைக்கால், தூண், பீம் என்று போக வேண்டும். அப்போது அது புதுப்பிப்பு இல்லை, பழைய வீட்டுக்குள் ஒரு புது வீடு.

கோடையில் விரிசல் விடுகிறது, மழையில் மூடிக்கொள்கிறது. பயப்படணுமா?

வயல்காரருக்கு இது புதிதில்லை. சித்திரையில் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறதோ, அதே களிமண்தான் உங்கள் கடைக்காலுக்குக் கீழேயும் இருக்கிறது. ஈரத்தில் வீங்கும், வெயிலில் சுருங்கும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரு கோடை, ஒரு மழை பாருங்கள். திறந்து மூடி அதே அளவில் இருந்தால் மெல்லிய பூச்சு வேலையோடு போகும். ஒவ்வொரு வருஷமும் கோட்டைத் தாண்டி வளர்ந்தால், அல்லது ஒரு பக்கம் சுவர் வெளியே தள்ளியிருந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைப்பது மட்டும் வேண்டாம். சுவரை ஒட்டி நிற்கிற முருங்கை, வேம்பையும் ஒரு பார்வை பாருங்கள். அவை உறிஞ்சும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது?

கூரையைப் பிரிப்பது என்றால் தை கடைசிக்கும் வைகாசிக்கும் நடுவில். அதைத் தாண்டி எனக்கு வேறு அபிப்பிராயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எப்படி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. புரட்டாசிக்குள் கூரையும் வெளிப்பூச்சும் முடிந்திருக்க வேண்டும். உள்வேலையை மழையிலும் பார்க்கலாம், ஆனால் பூச்சும் பெயின்ட்டும் காயாது.

நாள்காட்டியில் நீங்கள் எழுத மறக்கும் இன்னொன்று, ஆள். நடவு, அறுவடை நாட்களில் சித்தாள் கிடைப்பது குறையும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்துவிட்டால் குறுவை வேலை சூடு பிடிக்கும். பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் திருவிழா. உங்கள் ஊரில் காப்புக் கட்டினால் மட்டும் இல்லை, மேஸ்திரி ஊரில் கட்டினாலும் வேலை நிற்கும். ஆடியில் நம்மவர்கள் ஆரம்பிக்க மாட்டார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், மேஸ்திரி சொல்கிற 60 நாள் வேலைக்கு 90 நாள் வைப்பதுதான் நியாயம்.

பணம் வருகிற காலத்தையும் பாருங்கள். சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறும் நேரமும் கூரை பிரிக்கும் பருவமும் ஒன்றாக வருவது நமக்கு ஒரு வசதி. கும்பகோணத்தில் சில உறவுக்காரர்கள் 2028 மகாமகத்துக்குள் வீட்டை முடித்தாக வேண்டும் என்று இப்போதே பேசுகிறார்கள். தேதியைக் கட்டிக்கொண்டு ஓடினால் கடைசி மாதத்தில் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வருஷம் முன்னதாக முடித்துவிடுவது மேல்.

ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டது. தரையை உயர்த்தலாமா?

பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனால் இதுதான் கதி. மூன்று வழி இருக்கிறது. உள்தரையை மட்டும் உயர்த்துவது. செலவு குறைவு, ஆனால் நிலைப்படி உயரம் குறைந்து, குனிந்துகொண்டு போக வேண்டிவரும். எங்கள் பெரியப்பா வீட்டில் இப்படித்தான், புது ஆள் யார் வந்தாலும் முதல் நாள் நெற்றியில் ஒரு அடி. இரண்டாவது, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. சிமென்ட் கலவையில் ஒழுங்காகக் கட்டிய, தளம் போட்ட வீட்டுக்கு அதைச் செய்கிறார்கள். மண் சுவருக்கு நான் துணிய மாட்டேன். மூன்றாவது, வாசலில் தண்ணீர் ஏறாதபடி ஒரு திட்டு, கொல்லைப் பக்கம் வடிகால். நாங்கள் செய்தது மூன்றாவது. அதற்கு முன் உங்கள் தெருவில் அடுத்த ரோடு எப்போது வரும் என்று ஊராட்சியில் கேளுங்கள். போட்ட அடுத்த வருஷமே இன்னொரு அரையடி ஏறினால் வயிறு எரியும்.

நாள் கூலியா, கான்ட்ராக்ட்டா?

பிரிக்கிற வேலை, மராமத்து, சுண்ணாம்பு: நாள் கூலி. அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும் வேலைகள் இவை. டைல்ஸ், பெயின்ட், ஒயரிங் மாதிரி அளந்து எண்ணக்கூடியவை: கான்ட்ராக்ட். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுவது நம் பக்கம் நன்றாகவே நடக்கிறது. சிமென்ட்டை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்கிவிடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூட்டை கட்டிதட்டிவிடும். ஆற்று மணல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ராத்திரியில் பில் இல்லாமல் வருகிற லோடை இறக்காதீர்கள். கட்டுவேலைக்குப் பாறையை உடைத்துச் செய்கிற எம்சாண்ட், பூச்சுக்கு அதிலேயே நைசான பிசாண்ட் போதும்.

பணம் கொடுப்பதில் என் ஒரே விதி, முடிந்த வேலைக்கு மேல் பணம் போகக் கூடாது. சனிக்கிழமை கூலியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அது சித்தாள் வீட்டு அரிசி. ஆனால் கூரை கான்ட்ராக்ட் எடுத்தவரின் கடைசித் தவணையில் பத்தில் ஒரு பங்கை முதல் மழை பெய்து முடிந்ததும் தருவதாக ஆரம்பத்திலேயே பேசி, எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். எழுதுகிறபோதே முகம் சுளிக்கிறவர் ஒழுகினால் போனை எடுக்க மாட்டார்.

பழைய மரம், ஓடு, கதவெல்லாம்?

"குப்பையெல்லாம் நாங்களே அள்ளிக்கிறோம் சார், வண்டி வாடகை உங்களுக்கு மிச்சம்" என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். அந்தக் குப்பையில் பர்மா தேக்குத் தூணும் பித்தளைக் குமிழ் வைத்த கதவும் இருக்கலாம். காரைக்குடிப் பக்கம் பழைய சாமானுக்கென்றே கடைத்தெரு இருக்கிறது. அங்கே அதற்கு ஒரு விலை உண்டு. இறக்குவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எண்ணி, யாருக்குச் சொந்தம் என்று எழுதிவிடுங்கள். நல்ல சீமை ஓட்டைக் கழுவி அடுக்கினால் திரும்பப் போடலாம். ஒரு சதுரத்துக்குச் சுமார் 140, 150 ஓடு பிடிக்கும், அந்தக் கணக்கில் உடைந்ததற்கு மட்டும் வாங்கினால் போதும். ஓரத்து வரிசைகளைக் கம்பி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஓடுகள் எப்படிப் பறந்தன என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அனுமதி வாங்கணுமா?

வெள்ளையடிக்க, ஓடு மாற்ற யாரும் கேட்கப் போவதில்லை. புது அறை, மாடி என்று பரப்பு கூடினால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ வாங்க வேண்டும். டெல்டாவில் இதற்கு மேல் இரண்டு விஷயம் உண்டு.

ஒன்று, கோயில் மனை. வீடு உங்களுடையது, அடிமனை கோயிலுடையதோ மடத்துடையதோ என்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். வருஷ வாடகை பாக்கி இல்லாமல் கட்டி, ரசீதை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பட்டா உங்கள் பேரில் இல்லாததால் வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. பட்ஜெட் போடும்போதே இதை மனதில் வையுங்கள்.

இரண்டு, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி இடங்களுக்கு 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கும் அனுமதி தேவை. சின்னக் கோயிலாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நீல நிறப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பங்காளிகள். வீடு பாகம் பிரியாமல் இருந்தால், செலவு செய்கிறவர் யார், பின்னால் கணக்கு எப்படி என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு கடப்பாரையை எடுங்கள்.

கடன் வாங்கலாமா?

பத்திரமும் பட்டாவும் சரியாக இருந்தால் வங்கியில் வீடு பழுதுபார்க்கும் கடன் கேளுங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை வருமானவரிக் கழிவு உண்டு. நகைக் கடன் சீக்கிரம் கிடைக்கும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. அறுவடைக்குத் திருப்பிவிடலாம் என்று வைத்த நகை, அறுவடை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

முற்றத்தை மூடிவிடலாமா? மழை உள்ளே விழுகிறதே.

முற்றம் மழைக்காகத்தான். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்தவர்கள் எல்லோரும் அடுத்த வருஷம் கூடத்துக்கு ஏசி வாங்குகிறார்கள். திருட்டுப் பயம் என்றால் இரும்புக் கிராதி போதும். அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே மழைநீர்த் தொட்டிக்கு விடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து அது கட்டாயமும்கூட.

சென்னையில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்ள முடியுமா?

தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பார்க்கலாம். ஆனால் பூச்சுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்பது வீடியோவில் தெரியாது. உள்ளூரில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ தினமும் ஒரு நடை போய்வர வேண்டும், அவருக்குப் பெட்ரோல் காசாவது கொடுங்கள். ஓசியில் பார்க்கிறவரிடம் கேள்வி கேட்க முடியாது. கூரை பிரிக்கும் வாரமும், சுவருக்குள் குழாயும் ஒயரும் புதைக்கும் வாரமும் லீவு போட்டு வந்துவிடுங்கள். புதைத்தபின் மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது தண்ணீர் பீறிடும்.

வேலை நடக்கும்போது அதே வீட்டில் இருக்கலாமா?

ஒரு கழிவறையும் ஒரு அறையும் வேலையில் சிக்காமல் இருந்தால் இருக்கலாம். எங்கள் அம்மா எங்கேயும் வர மாட்டேன் என்று திண்ணையில் கேஸ் அடுப்பை வைத்து நாற்பது நாள் சமைத்தார். தெருவே வந்து என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுப் போனது. ஆனால் பூச்சைக் கொத்துகிற அந்த ஒரு வாரம் மட்டும் பெரியவர்களையும் குழந்தைகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அறுபது வருஷத்துச் சுண்ணாம்புத் தூசி அது. அம்மாவின் மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்கூட ஏறியிருந்தது. அந்த வருஷத்து மிளகாய்த்தூள் முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்ப அரைத்தோம். அந்தச் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் இல்லை.